புதுசா தேனீப் பெட்டி வைக்கிறவங்களுக்கு: சங்கத்துல சேர்றதுல இருந்து மெழுகுப் புழு, எறும்பு, கடந்தைக் குளவிய சமாளிக்கிற வரைக்கும்

இது கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம், அருமனை, குலசேகரம், திருவட்டார் பக்கம் ரப்பர் தோட்டத்துலயோ வீட்டுப் புரையிடத்துலயோ இந்தியத் தேனீய பெட்டியில வச்சு வளர்க்கப் போறவங்களுக்காக எழுதுறேன். இத்தாலியத் தேனீ வளர்க்குறவங்களுக்கு உண்ணி, மருந்துன்னு கதையே வேற, அது இதுல வராது. நான் ஆரம்பிச்சப்போ எந்த பேப்பர் எங்க கொடுக்கணும், எந்த மாசம் பெட்டி வாங்கணும், புழு வந்தா யாரைக் கூப்பிடணும்னு ஒவ்வொண்ணையும் ஒவ்வொருத்தர்கிட்ட போய் நின்னு தான் தெரிஞ்சுக்க வேண்டியிருந்துச்சு, ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் சொன்னதுக்கு ஒத்தும் போகாது. நீங்க அப்படி அலைய வேண்டாம்னு தான் வரிசையா எழுதி வைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க. பெட்டி அப்புறம், ஆள் முதல்ல. பூச்சி கிட்ட இருந்து கூட்டை காப்பாத்துறதுல முக்கால்வாசி வேலை பூச்சி வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும், அதை எப்போ செய்யணும்னு சொல்ல பக்கத்துல அனுபவப்பட்ட ஒரு ஆள் வேணும்.

1. பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி சங்கத்துல சேருங்க

நம்ம மாவட்டத்துல இதுக்குப் பஞ்சமே இல்ல. மார்த்தாண்டத்துல தேனீ வளர்ப்போர் கூட்டுறவு சங்கம் 1937ல இருந்து இருக்கு, அது போக ஊருக்கு ஊர் சின்னச் சின்ன சங்கங்கள், சுயஉதவிக் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள்னு இருக்கு. எது பெருசு எது சின்னதுன்னு பாக்காதீங்க, உங்க பெட்டி இருக்குற இடத்துக்கு அரை மணி நேரத்துல வந்து சேரக்கூடிய மெம்பர் எத்தனை பேர் இருக்காங்கன்னு பாருங்க. ராத்திரி எறும்பு ஏறிடுச்சுன்னா இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்குற பெரிய சங்கத்தால ஒண்ணும் பண்ண முடியாது, அடுத்த தெருவுல இருக்குற அண்ணன் தான் டார்ச்சோட வருவாரு.

சேர்றதுக்கு முன்னாடி ஒரு கூட்டத்துக்கு சும்மா போய் உக்காருங்க. தேன் விலைய மட்டும் பேசுறாங்களா இல்ல யார் கூட்டுல என்ன நோய், எந்தத் தோட்டத்துல மருந்து அடிச்சாங்கன்னும் பேசுறாங்களான்னு கவனிங்க, ரெண்டாவது மாதிரி சங்கம் தான் உங்களுக்கு வேணும். அப்புறம் கூச்சப்படாம கேளுங்க: தேன் எடுக்குற மெஷின் வாடகைக்குத் தருவீங்களா, புதுசா வர்றவங்க கூட பழைய மெம்பர் ஒருத்தர் சீசன் முழுக்க பெட்டி பார்க்க வருவாரா, தேனை சங்கமே எடுத்துக்குமா, எடுத்தா காசு எத்தனை நாள்ல வரும், ரப்பர் எஸ்டேட்டுல பெட்டி வைக்க சங்கம் மூலமா அனுமதி கிடைக்குமா. காசு விஷயம் ரொம்ப முக்கியம், மாசக்கணக்குல இழுத்தடிக்கிற இடமும் இருக்கு.

ஏமாறக்கூடிய இடம்: "மெம்பர் ஆனா பெட்டி ஃப்ரீ, மானியம் நாங்களே வாங்கித் தர்றோம், முன்பணம் மட்டும் கொடுங்க"ன்னு சொல்றவங்க. என்கிட்டயும் ஒரு ஏஜென்ட் இப்படித்தான் பேசினாரு, ரசீது கேட்டதும் பேச்சு மாறிடுச்சு. நுழைவுக் கட்டணமோ பங்குத் தொகையோ எதுவா இருந்தாலும் சங்கத்து முத்திரையோட ரசீது வாங்காம பத்து ரூபா கூட கொடுக்காதீங்க.

உங்க ஊர்ல சங்கமே இல்லன்னா ஏழு பேர் சேர்ந்தாலே தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975 படி மாவட்டப் பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணலாம், சங்க விதிகள், உறுப்பினர் பட்டியல், முகவரி ஆதாரம் எல்லாம் வேணும். ஆனா வருஷா வருஷம் கணக்கு தாக்கல் பண்ணணும், அதை யார் பார்க்கப் போறாங்கன்னு முடிவு பண்ணாம ஆரம்பிக்க வேண்டாம். முதல் ரெண்டு வருஷம் வாட்ஸ்அப் குரூப்பா இருந்துட்டுப் போகலாம், ஒண்ணும் குறைஞ்சிடாது.

2. பேப்பர்கள், மானியம், நேரம்

சங்கத்துல சேர ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், இது போதும். எல்லாத்துலயும் நாலு செட் எடுத்து ஒரு ஃபைல்ல போட்டு வைங்க, இதே பேப்பர் தான் மறுபடியும் மறுபடியும் கேப்பாங்க. ஆதார்ல இருக்குற பேரும் பாஸ்புக்ல இருக்குற பேரும் இனிஷியல் உட்பட ஒண்ணா இருக்கான்னு முதல்லயே பார்த்துடுங்க, மானியம் நிக்கிறது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால தான்.

மானியம் தோட்டக்கலைத் துறை மூலமா வருது, உங்க வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் ஆபீஸ்ல கேக்கணும், தோட்டக்கலைத் துறையோட டிஎன்ஹார்ட்நெட் தளத்துலயும் பதிவு பண்ணலாம். அதுக்கு மேல சொன்ன பேப்பரோட சிட்டா, அடங்கல் வேணும், சிறு குறு விவசாயின்னா அதுக்கான சான்றும் சேர்த்துக் கொடுங்க. தேனீக் கூட்டத்துக்கும் பெட்டிக்கும் செலவுல 40 சதவீதம், ஒருத்தருக்கு 50 கூட்டம் வரைக்கும்னு தான் ரொம்ப நாளா விதி இருந்துச்சு, ஒரு பெட்டிக்கு இவ்வளவுங்கிற விலை வரம்பு அப்பப்போ மாறும், அதனால போன வருஷம் வாங்கினவர் சொன்ன தொகைய நம்பி கணக்குப் போடாதீங்க.

இங்க ரெண்டு விஷயத்துல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. நிதியாண்டு ஏப்ரல்ல ஆரம்பிக்குது, நம்ம ஆளுங்க தேன் சீசன் வர்ற ஜனவரியில போய் கேப்பாங்க, அதுக்குள்ள அந்த வட்டாரத்து ஒதுக்கீடு முடிஞ்சிருக்கும், அதனால ஏப்ரல் மே மாசத்துலயே விண்ணப்பத்தைக் கொடுத்துடுங்க. அடுத்தது, அனுமதி கைக்கு வர்றதுக்கு முன்னாடி பெட்டிய வாங்கிட்டா அதுக்கு மானியம் கேக்க முடியாமப் போயிடும். அனுமதி, அப்புறம் பில்லோட வாங்குறது, அப்புறம் அதிகாரி வந்து பார்த்து போட்டோ எடுக்குறது, இந்த வரிசை மாறக்கூடாது.

மத்திய அரசோட தேசிய தேனீ வாரியம் மதுகிராந்தின்னு ஒரு போர்ட்டல் வச்சிருக்கு, தேனீ வளர்க்குறவங்க அதுல பேரைப் பதியலாம். ரெண்டு பெட்டி வைக்கும்போது அவசரம் இல்ல, எண்ணிக்கை கூடும்போது சங்கத்துல சொல்லி பண்ணிக்கோங்க. தேனை பாட்டில்ல அடைச்சு விக்கப் போறீங்கன்னா உணவுப் பாதுகாப்பு பதிவு கட்டாயம், சின்ன அளவுல விக்கிறவங்களுக்கு அடிப்படைப் பதிவு போதும், கட்டணம் வருஷத்துக்கு 100 ரூபா தான், ஆன்லைன்ல நீங்களே பண்ணிடலாம், இதுக்கு ஆயிரக்கணக்குல கேக்குற புரோக்கர்கிட்ட போக வேண்டாம்.

3. பயிற்சி

கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்துல பூச்சியியல் துறையில மாசாமாசம் ஒரு நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சி நடத்துறாங்க, கட்டணம் சில நூறு ரூபா. அவ்வளவு தூரம் போக முடியாதவங்க திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துல எப்போ பயிற்சின்னு கேட்டு வைங்க. சர்டிஃபிகேட் கொடுத்தா பத்திரமா வச்சிக்கோங்க, கடனுக்கும் மானியத்துக்கும் உதவும்.

அங்க போறப்போ கொட்டு வாங்கிப் பாருங்கன்னு கூட சொல்லுவேன், ஏன்னா கொட்டு வாங்கினா உடம்பு எப்படி நடந்துக்குதுன்னு பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி தெரியணும், தெரிஞ்ச இடத்துல நாலு பேர் இருக்கும்போது தெரியுறது நல்லது. கொட்டின இடம் வீங்குறது சகஜம். மூச்சு இறைக்குது, உதடு தொண்டை வீங்குது, தலை சுத்துது, உடம்பெல்லாம் தடிப்பு வருதுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம 108க்கு கூப்பிடுங்க, அப்படிப்பட்டவங்க டாக்டர்கிட்ட கேக்காம மறுபடியும் கூட்டுப் பக்கம் போகக்கூடாது.

4. எப்போ வாங்குறது, வாங்கும்போது எதைப் பாக்குறது

நம்ம பக்கத்து வருஷம் இப்படி ஓடும். ரப்பர் டிசம்பர் ஜனவரியில இலை கொட்டும், புது இலை தளிர்க்கும்போது இலைக்காம்புல தேன் சுரக்கும், அது தான் பிப்ரவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் நம்ம அறுவடை. ஜூன்ல மழை பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் ஈக்கு சாப்பாடு கிடையாது. அக்டோபருக்கு மேல கூட்டம் மறுபடி பெருக ஆரம்பிக்கும். அதனால நவம்பர், டிசம்பர்ல வாங்குங்க, கூடு பெருகுற காலத்துல நீங்களும் கத்துக்கலாம். மே, ஜூன்ல "விலை குறைச்சுத் தர்றேன்"னு வர்ற பெட்டிய வாங்கவே வாங்காதீங்க, தேன் எடுத்து முடிச்ச காலிக் கூட்டை மழைக்கு முன்னாடி உங்க தலையில கட்டுறாங்கன்னு அர்த்தம்.

நான் விசாரிச்ச வரைக்கும் ஈயோட ஒரு பெட்டி ரெண்டாயிரத்துல இருந்து மூவாயிரம் வரைக்கும் சொல்றாங்க, மரத்தைப் பொறுத்து ஏறும் இறங்கும். ரெண்டு பெட்டியா வாங்குங்க. ஒண்ணு மட்டும் இருந்தா அதுல ராணி செத்தாலும் தெரியாது, நல்ல கூடு எப்படி இருக்கும்னு ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்ல, ராணி இல்லாமப் போன கூட்டுக்கு மத்ததுல இருந்து முட்டை இருக்குற சட்டம் (ஈ அடை கட்டுற மரச்சட்டம்) எடுத்து வைக்கவும் முடியாது. புகைப்பான், வலைத்தொப்பி, சட்டத்தை நெம்பி எடுக்குற உளி, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து இன்னும் ரெண்டாயிரம் மூவாயிரம் எடுத்து வைங்க. தேன் மெஷின் இப்போ வாங்க வேண்டாம், சங்கத்துல வாடகைக்கு எடுங்க.

வாங்கும்போது சாயங்காலம் போகாதீங்க, வெளிச்சம் இருக்கும்போது மூடியத் திறந்து காட்டச் சொல்லுங்க. ஒவ்வொரு சட்டமா தூக்கிப் பாருங்க, அடை ரெண்டு பக்கமும் ஈ மூடியிருக்கணும், முட்டை இருக்கணும், மூடின புழு அறை இடைவெளி இல்லாம தொடர்ச்சியா இருக்கணும். அப்புறம் புழு வளர்ற கீழ்ப் பெட்டியக் கழட்டி அடிப்பலகையப் பாருங்க. யாரும் இதைக் காட்ட மாட்டாங்க, நீங்க தான் கேக்கணும். கறுப்பா மிளகுத்தூள் மாதிரி எச்சம், நூல் நூலா பட்டு, வெள்ளைப் புழு, இதெல்லாம் மெழுகுப் புழுவோட அடையாளம், இதுல எது இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. அடை கரும்பழுப்பா ரொம்ப பழசா இருந்தாலும் விலைய விடுங்க, அந்தக் கூடே வேண்டாம். பெட்டிப் பலகை இடுக்குல கத்தி நுனி போகுதான்னும் பாருங்க, ஏன்னு கீழ சொல்றேன்.

ராத்திரி தான் கொண்டுவரணும், எல்லா ஈயும் உள்ள வந்ததுக்கு அப்புறம் வாசல்ல வலை அடைச்சு, சட்டம் ஆடாம கட்டி, சட்டங்களோட தலைக்கட்டை ரோட்டு நீளத்துக்கு இருக்குற மாதிரி வண்டியில வைங்க, குலுங்கினா அடை ஒண்ணோட ஒண்ணு இடிக்காது.

5. இடமும் ஸ்டாண்டும், எறும்புக்கான வழியும்

காலை வெயில் படுற, மதியம் நிழல் இருக்குற, தண்ணி தேங்காத இடம். வாசல் கிழக்குப் பார்த்து இருந்தா நல்லது, நடைபாதையையோ பக்கத்து வீட்டு முற்றத்தையோ பார்த்து இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, முதல் தேனை அவங்க வீட்டுக்குக் கொடுக்குறதா சொல்லி ஆரம்பிங்க, அது ரொம்ப தூரம் உதவும்.

எறும்பு நம்ம பக்கம் சாதாரண எதிரி இல்ல. முசுறு, கட்டெறும்பு, சிவப்பெறும்பு எல்லாம் இருக்கு, மழை ஆரம்பிச்சதும் மண்ணுக்குள்ள இருக்குறது மேல ஏறும். ராத்திரி முழுக்க எறும்பு ஏறினா காலையில கூடு காலி, ஈ சாகலன்னாலும் வீட்டை விட்டுப் பறந்து போயிடும், இந்தியத் தேனீக்கு அந்த குணம் ஜாஸ்தி.

ஒத்தக்கால் ஸ்டாண்ட் தான் சரி, முழங்காலுக்கு மேல உயரத்துல. நாலு கால் ஸ்டாண்டுன்னா நாலு கிண்ணமும் நாலு வழியும் கண்காணிக்கணும். காலைச் சுத்தி கிண்ணம் வச்சு தண்ணி ஊத்துங்க, வெறும் தண்ணியில கொசு முட்டை போடும், ஆபீஸ்ல இருந்து டெங்கு சோதனைக்கு வந்தா அபராதம் கூட போடுவாங்க, அதனால பழைய இன்ஜின் ஆயில் கொஞ்சம் மேல விடுங்க. மழையில கிண்ணம் நிரம்பி ஆயில் வழிஞ்சு போயிடும், மழை விட்டதும் போய்ப் பாருங்க, கிண்ணத்துக்கு மேல தகரத்தால ஒரு சின்னக் குடை வச்சா இந்தத் தொல்லை பாதி குறையும். கிண்ணத்துல மிதக்குற காய்ஞ்ச இலை ஒண்ணு போதும், எறும்புக்குப் பாலம் ஆயிடும். பெட்டிய உரசுற கிளை, நீளமா வளர்ந்த புல், சாஞ்சு நிக்கிற மரவள்ளித் தண்டு, எல்லாம் பாலம் தான்.

எறும்புக்குன்னு கடையில கொடுக்குற பூச்சி மருந்துப் பொடிய ஸ்டாண்டைச் சுத்திப் போடாதீங்க. காத்துல பறந்து வாசல்ல விழுந்தா முதல்ல சாகுறது ஈ தான்.

6. மெழுகுப் புழு, இதுல தான் அதிகக் கூடு போகுது

சாம்பல் நிறத்துல ஒரு அந்துப்பூச்சி, ராத்திரியில வாசல் வழியாவும் பலகை இடுக்கு வழியாவும் உள்ள போய் இடுக்குல முட்டை வைக்கும், அதுல இருந்து வர்றது தான் மெழுகுப் புழு. இத்தாலியத் தேனீ பிசின் கொண்டுவந்து இடுக்கை அடைச்சுக்கும், நம்ம இந்தியத் தேனீ பிசின் சேகரிக்காது, அதனால பெட்டியில இருக்குற ஒவ்வொரு வெடிப்பும் அப்படியே திறந்து கிடக்கும். மேல கத்தி நுனி பத்தி சொன்னது இதுக்குத்தான். இன்னொண்ணு, இந்தியத் தேனீ பழைய அடைய கடிச்சு கடிச்சு கீழ தள்ளும், அந்த மெழுகுத்தூள் அடிப்பலகையில குவியும், புழுவுக்கு அதுவே சாப்பாடு. அங்க வளர்ந்து மேல ஏறி அடைக்குள்ள சுரங்கம் போட்டுப் போகும்.

அறிகுறி எப்படி இருக்கும்னு ஒரு தடவ சரியாப் பார்த்து வச்சுக்கிட்டா அப்புறம் மறக்காது. மூடின புழு அறைகளுக்கு நடுவுல ஒரே வரிசையா சில அறை மட்டும் மூடி இல்லாம, உள்ள இருக்குற கூட்டுப்புழுவோட வெள்ளைத் தலை தெரியுற மாதிரி இருக்கும். அந்த வரிசைக்கு அடியில தான் சுரங்கம் போகுது. சட்டத்தை வெயில் பக்கம் தூக்கிப் பிடிச்சா மெல்லிசு பட்டுக் குழாய் ஒண்ணு அறைகளுக்கு அடியில ஓடுறது தெரியும், உளி நுனியால அதைக் கீறினா புழு நெளிஞ்சு வெளிய வரும். இந்தக் கட்டத்துல பிடிச்சா கூடு பிழைக்கும். அடை முழுக்க வலை பின்னி சட்டத்தோட சட்டம் ஒட்டிக்கிட்டதுக்கு அப்புறம் பார்த்தா ஈ போயிருக்கும்.

செய்ய வேண்டியது இது தான். வாரம் ஒரு நாள் அடிப்பலகைய எடுத்து வேற காய்ஞ்ச பலகை மாத்துங்க, எடுத்ததை நல்லா சுரண்டி வெயில்ல போடுங்க, சுரண்டின தூளை பெட்டிப் பக்கத்துலயே கொட்டாம எரிச்சுடுங்க. இந்த ஒரு வேலைக்காகவே கூடுதலா ஒரு அடிப்பலகை வாங்கி வைக்கலாம், செலவு சில நூறு ரூபா, இதை விட மதிப்பான சாமான் எதுவும் நீங்க வாங்கப் போறதில்ல. வாசலை ஈ போற அளவுக்கு மட்டும் வச்சு மீதிய அடைங்க. பலகை வெடிப்புல மெழுகு உருக்கி ஊத்துங்க, இல்லன்னா மண்ணும் சாணமும் குழைச்சு பூசுங்க, பழைய ஆளுங்க அப்படித்தான் செய்வாங்க, நல்லாவே நிக்கும்.

எல்லாத்தையும் விட முக்கியம், ஈ எத்தனை சட்டத்தை மூடியிருக்கோ அத்தனை சட்டம் மட்டும் உள்ள இருக்கட்டும். மே மாசம் தேன் எடுத்து முடிச்சதும் மேல இருக்குற தேன் அறைய கண்டிப்பா கழட்டுங்க. கூட்டம் குறைஞ்ச நேரத்துல ஆறு சட்டமும் வச்சிருந்தா ஈ போகாத மூலையில புழு குடியேறும். பலம் இல்லாத கூடு ரெண்டு இருந்தா ரெண்டையும் சேர்த்து ஒண்ணாக்குங்க, மழைக்காலத்துல ரெண்டு நோஞ்சானை விட ஒரு பலமான கூடு எவ்வளவோ மேல்.

கழட்டின அடைகள எப்படி வைக்கிறதுங்கிறது தனிப் பிரச்சினை. ஒண்ணு ரெண்டு பெட்டி வச்சிருக்குறவங்க அடைய பாலித்தீன் பையில கட்டி ஃப்ரீசர்ல ரெண்டு நாள் வச்சு, எடுத்து அதே பையில காத்து போகாம கட்டித் தொங்க விடுங்க, முட்டை உட்பட செத்துப் போகும். நிறைய இருந்தா சங்கத்துல கந்தகப் புகை போடுவாங்க, காலிப் பெட்டிகள அடுக்கி அடியில கந்தகம் எரிச்சு மூடி வைக்கிறது. கந்தகப் புகையில முட்டை சாகாது, அதனால ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி போடணும், இதைச் சொல்லாம ஒரு தடவையோட விட்டுடறாங்க, அப்புறம் "கந்தகம் வேலை செய்யல"ன்னு பேச்சு. ஈ இருக்குற கூட்டுல, தேன் இருக்குற அடையில இதைச் செய்யக்கூடாது. பாச்சா உருண்டை எந்தக் காரணத்துக்கும் வேண்டாம், மெழுகுல வாசம் ஏறி அப்புறம் தேன்லயும் வரும். ஈ துப்புரவா விட்டுட்டுப் போன கறுத்த அடைய பாதுகாக்கவே வேண்டாம், உருக்கி மெழுகா சங்கத்துல கொடுத்துடுங்க.

7. கடந்தையும் மத்த குளவிகளும்

மழைக்காலத்துலயும் அதை ஒட்டியும் வாசல்ல வந்து நின்னு ஒவ்வொரு ஈயா தூக்கிட்டுப் போகும். இந்தியத் தேனீ இதுக்கு கையாலாகாத ஜீவன் இல்ல, கூட்டமா உடம்பை அசைச்சு எச்சரிக்கும், கிட்ட வந்ததை உருண்டையா சுத்தி மூடி சூட்டாலயே கொல்லும். ஆனா கடந்தை தினமும் வந்தா ஈ வெளிய போறதையே நிறுத்திடும், கூடு பட்டினி கிடக்கும், கடைசியில பறந்து போயிடும்.

வாசல் உயரத்தை ஈ மட்டும் போற அளவுக்கு குறைச்சா கடந்தை நுழைய முடியாது. காலையிலயும் சாயங்காலமும் வாசல்ல நிக்கிறதை பூப்பந்து மட்டையால அடிக்கலாம், முதல் மழைக்குப் பக்கத்துல தனியா சுத்துற பெரிய கடந்தை பெரும்பாலும் புதுசா கூடு கட்டப்போற ராணி, அதை அடிச்சா ஒரு கூட்டையே தடுத்த மாதிரி. பக்கத்துல கடந்தைக் கூடு இருந்தா நீங்களா ராத்திரியில பெட்ரோலும் தீப்பந்தமும் எடுத்துட்டுப் போகாதீங்க, கடந்தை கொட்டி ஆள் செத்திருக்காங்க. தீயணைப்பு நிலையத்துக்கு 101ல சொல்லுங்க, வந்து அப்புறப்படுத்துவாங்க.

8. பஞ்சுருட்டான், ஓணான், தவளை

பஞ்சுருட்டான் பறவை கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்து பறக்குற ஈயப் பிடிக்கும். சட்டப்படியும் அதை ஒண்ணும் செய்யக்கூடாது, செய்யவும் வேண்டாம், பெட்டிய மர நிழலுக்குள்ள தள்ளி வச்சா தொல்லை குறையும். கூடு பிரிச்சு புது ராணி கலப்புக்குப் பறக்குற நாள்கள்ல மட்டும் கவனமா இருங்க, ஆயிரம் ஈ போனா கூடு தாங்கும், ராணி ஒண்ணு போனா தாங்காது. ஓணானுக்கும் தவளைக்கும் ஸ்டாண்ட் உயரமே பாதி மருந்து, கீழ புல்லை வெட்டி வைங்க. மேல்மூடிக்குள்ள பல்லியும் கரப்பானும் குடியிருக்கும், வாராவாரம் திறக்கும்போது தட்டி விடுங்க.

9. சாக்ப்ரூட் நோய், இது வந்தா உடனே சங்கத்துக்குச் சொல்லணும்

இது பூச்சி இல்ல, வைரஸ். 1991, 92ல தென்னிந்தியா முழுக்க வந்து நம்ம மாவட்டத்துல பெட்டி பெட்டியா காலி ஆச்சு, இன்னைக்கும் பெரியவங்க அதைச் சொல்லும்போது முகம் மாறும். புழு முழுசா வளர்ந்து மூடுற சமயத்துல சாகும், தலை மேல தூக்கி அறைக்குள்ள மல்லாந்து கிடக்கும், இடுக்கியால எடுத்தா கிழியாம தண்ணி நிரம்பின பை மாதிரி வரும், காய்ஞ்சா படகு வடிவத்துல செதிலா கிடக்கும். இப்படி நாலஞ்சு பார்த்தீங்கன்னா அன்னைக்கே சங்கத்துல சொல்லுங்க, மறைச்சு வைக்கிறது தான் இதுல பெரிய பாவம், ஏன்னா உங்க ஈ அடுத்தவர் கூட்டுத் தேனைத் திருடும், அடுத்தவர் ஈ உங்க கூட்டுல திருடும், பரவுறது இப்படித்தான்.

மருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் கொடுத்தா வைரஸுக்கு ஒண்ணும் ஆகாது, தேன்ல தான் தங்கும், தேனை யாரும் வாங்க மாட்டாங்க. புழு அடைகள எடுத்து எரிச்சு, ராணிய கூண்டுல கொஞ்ச நாள் அடைச்சு முட்டை போடாம நிறுத்தி, சர்க்கரைப் பாகு கொடுத்து கூட்டைத் தேத்துறது தான் வழி. அப்புறம் நோய் தாக்காம நின்ன கூட்டுல இருந்து ராணி வளர்த்து மாத்தணும், இதுக்கு சங்கத்துல இருக்குற மூத்தவர் துணை வேணும். அந்தப் பெட்டிக்குப் பயன்படுத்துன உளியை சோப்பு போட்டுக் கழுவி தீயில காட்டாம அடுத்த பெட்டியில வைக்காதீங்க, அந்தக் கூட்டு அடைய வேற கூட்டுக்கு மாத்தவே மாத்தாதீங்க.

10. மழைக்காலத்துச் சாப்பாடு

பலமான கூட்டுக்கு எறும்பும் புழுவும் கடந்தையும் கிட்ட வர யோசிக்கும், பலம் சாப்பாட்டுல இருந்து தான் வரும். கடைசி அறுவடையில புழு வளர்ற கீழ்ப் பெட்டியில இருக்குற தேனைத் தொடாதீங்க. ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவ, ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணி, கொதிக்க வச்சு ஆற வச்சு, ஒரு பெட்டிக்கு ஒரு டம்ளர் அளவு கொடுங்க, ஈ முங்கிச் சாகாம இருக்க உள்ள ஈர்க்குச்சி ரெண்டு போடுங்க. பொழுது சாய்ஞ்சதும் கொடுங்க, எல்லா பெட்டிக்கும் ஒரே நேரத்துல கொடுங்க, பகல்ல கொடுத்தா வாசனைக்கு வேற கூட்டு ஈ திருட வரும், சிந்தினா எறும்பு வரும். வெல்லப் பாகு வேண்டாம், ஈக்கு வயித்தால போகும். சங்கத்துல மெம்பருங்க சேர்ந்து மூட்டையா சர்க்கரை வாங்குனா கிலோவுக்கு கொஞ்சம் மிச்சம் ஆகும், மே மாசக் கூட்டத்துலயே உங்க பேரைக் கொடுத்துடுங்க.

11. பக்கத்துத் தோட்டத்து மருந்து

நீங்க எவ்வளவு பார்த்தாலும் ஒரே நாள்ல எல்லாத்தையும் முடிச்சுடக்கூடியது இது தான். வாசல்ல கொத்துக் கொத்தா நாக்கு நீட்டி செத்துக் கிடந்தா மருந்துன்னு எடுத்துக்கலாம். சுத்தி இருக்குற வாழை, பயறு, காய்கறித் தோட்டக்காரங்க நம்பரை வாங்கி வைங்க, மருந்து அடிக்கிற முந்தின நாள் ஒரு போன் பண்ணச் சொல்லுங்க, பூ இருக்குற நேரம் வேண்டாம், அடிச்சே ஆகணும்னா ஈ அடைஞ்ச பிறகு சாயங்காலம் அடிங்கன்னு கேளுங்க. சண்டை போட்டு கேக்காதீங்க, தேனீ இருந்தா உங்க பாகலுக்கும் பூசணிக்கும் காய்ப்பு கூடும்னு எடுத்துச் சொல்லிக் கேளுங்க, தனியா போறதை விட சங்கத்துத் தலைவரையும் கூட்டிட்டுப் போனா மரியாதையா கேப்பாங்க. போன் வந்ததும் அன்னைக்கு ராத்திரியே வாசலை வலையால அடைச்சு, மேல்மூடிய லேசா தூக்கி காத்து வர வச்சு, ஈரச் சாக்கு போட்டு மூடி, மறுநாள் ஒரு நாள் உள்ளயே வைங்க. அதுக்கு மேல அடைச்சு வச்சா வெக்கையில ஈ செத்துடும், அதனால அடுத்த நாள் சாயங்காலம் கண்டிப்பா திறந்துடுங்க. விடாம ரெண்டு மூணு நாள் அடிக்கப் போறாங்கன்னா அடைச்சு வைக்கிறது உதவாது, சங்கத்துல சொல்லி ரெண்டு மூணு கிலோமீட்டருக்கு அப்பால இருக்குற மெம்பர் தோட்டத்துக்கு ராத்திரியோட ராத்திரியா பெட்டிய மாத்திடுங்க, கிட்டத்துல மாத்தினா வெளிய போன ஈ பழைய இடத்துக்கே திரும்பிப் போயிடும்.